மீசையில்லை, பெண்தான் என்று கொடுத்துவிட்டேன்

பவானிக்கரை (கோபி)

டேங்கில் பிரிஸ்டில்நோஸ் மீன் (மூக்கில் மீசை வருமே, அந்த ஒட்டு மீன்) வளர்க்கிறவர்கள் சொல்லுங்கள், எந்த அளவில் ஆண், பெண் என்று முடிவு செய்கிறீர்கள்? போன வருசம் நடந்தது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

ஒன்றரை இஞ்சில் நான்கு குட்டி வாங்கினேன். ஆறு மாதத்தில் ஒன்றுக்கு மட்டும் மூக்கின் மேல் மீசை கிளைவிட்டு வந்தது. மற்ற மூன்றுக்கும் முகம் மழமழவென்று இருந்தது. அது ஆண், மீதி பெண் என்று வைத்துக்கொண்டேன். அண்ணன் மகன் ஏழாவது படிக்கிறான், மீன் என்றால் அவனுக்கு உயிர். அதில் இரண்டைக் கொடுத்து, "ரெண்டும் பொண்ணு கண்ணு, சண்டையே போடாது" என்று சொல்லி அனுப்பினேன். இரண்டடி டேங்க், உள்ளே ஒரே ஒரு தேங்காய்த் தொட்டி.

மூன்று மாதம் கழித்து மாரியம்மன் நோம்பிக்குப் போயிருந்தேன். உள்ளே நுழைந்ததும் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு டிபன் டப்பாவை எடுத்துவந்து என் முன்னால் திறந்தான். செத்த மீன். வால் கந்தல், விலாவெல்லாம் கீறல். எனக்குக் காட்டவேண்டும் என்று இரண்டு நாளாக எடுத்து வைத்திருக்கிறான். விரலால் அதன் மூக்கைத் தொட்டுக் காட்டினான். குட்டை குட்டையாக ஏழெட்டு மீசை. டேங்கில் உயிரோடு இருந்ததற்கு நெற்றி வரைக்கும் வளர்ந்திருந்தது.

"ரெண்டுமே பொண்ணுன்னு சொன்னீங்களேங் அத்தை."

அதற்கு மேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை. நான் அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்கக் கூடாது.

ஆனைமலைத்தூறல் (பொள்ளாச்சி)

எனக்கு நேர்மாறாக நடந்ததுங்க. அல்பினோ (நிறமில்லாமல் வெளுத்தது) ஒன்று, நாலு இஞ்ச், வாய் விளிம்பில் வரிசையாகச் சின்ன மீசை. ஆண் என்றே ஒன்றரை வருசம் வைத்திருந்தேன். ஒருநாள் காலையில் லைட் போட்டதும் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. வயிறு முழுக்க ஆரஞ்சு. தோலுக்குள்ளே முட்டை தெரிகிறது! பல் விளக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வயசான பெண்ணுக்கும் உதட்டோரம் கொஞ்சம் மீசை வரும், ஆனால் நெற்றிக்கு ஏறாது, கிளை விடாது என்று அப்புறம்தான் தெரிந்தது. அக்கா, இதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. எல்லாருக்கும் நடப்பதுதான்.

பனியன்நகர் (திருப்பூர்)

தப்பு ஒன்றுமில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆறு மாதத்தில் மீசையில்லை என்றால் இன்னும் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். ஒரே டேங்கில் ஒரு ஆண் முந்திக்கொண்டால் மற்ற ஆண்களுக்கு மீசை பிந்தித்தான் வருகிறது. இதை என் டேங்கிலேயே இரண்டு தடவை பார்த்துவிட்டேன். அக்கா கொடுத்த இரண்டும் பெரியதன் கண்ணில் படாத இடத்துக்குப் போனதும் வளர ஆரம்பித்திருக்கும்.

என் கதை சின்னது. பெரிய ஆணை வலையில் பிடித்தேன். கன்னத்து முள்ளை விரித்து வலையிலேயே மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க இன்னும் விரிக்கிறது. கடைசியில் தையல் கத்தரியால் வலையைத் துண்டு துண்டாக வெட்டித்தான் எடுத்தேன். வெட்டி முடிக்கிற வரைக்கும் அது வாயைத் திறந்து திறந்து மூடியது, என் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. இந்த மீனின் அறிவியல் பேர் ஆன்சிஸ்ட்ரஸ். அந்தப் பேரே கிரேக்கத்தில் கொக்கி என்ற சொல்லிலிருந்து வந்ததாம். அந்த முள்ளைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

அதனால் வலை வேண்டாம். பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டிப் பிடியுங்கள். டப்பாவில் இருக்கும்போதே மேலிருந்து பாருங்கள்: ஆணுக்குத் தலை அகலம், உடம்பு வாலை நோக்கி ஒரே சீராகக் குறுகும், கன்னத்து முள் நீளம். பெண்ணுக்குத் துடுப்புக்குப் பின்னால் வயிறு புடைத்திருக்கும். நன்றாகத் தின்ற ஆணுக்கும் வயிறு புடைக்கும், அதனால் தீனி போடுவதற்கு முன்னால் பாருங்கள். மூன்று இஞ்ச் ஆகாமல் யாருக்கும் ஜோடி என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். இரண்டு ஆண் இருந்தால் ஒளிந்துகொள்ள இரண்டு குகை போதாது, மூன்றாவது வையுங்கள், ஒன்றின் வாசல் இன்னொன்றுக்குத் தெரியக் கூடாது. மரக்கட்டை ஒன்று கட்டாயம் வேண்டும், அதைச் சுரண்டித் தின்னும். சுரைக்காயை லேசாக வேகவைத்துப் போடுங்கள், மறுநாள் காலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். போர் தண்ணி என்று பயப்படவேண்டாம், எங்கள் ஊர் உப்புத் தண்ணியிலேயே குஞ்சு எடுத்திருக்கிறேன். சித்திரை வெயிலில் மட்டும் ஏர் பம்பை நிறுத்தாதீர்கள்.

குளத்தேரி (கோவை)

ஆணா பெண்ணா என்பதற்கு முன்னால், கடையில் கொடுத்தது பிரிஸ்டில்நோஸ்தானா என்று பாருங்கள். இரண்டு இஞ்ச் குட்டி ஒன்றை அந்தப் பேரில் வாங்கி ஒரு வருசம் மீசைக்குக் காத்திருந்தேன். மீசை வரவில்லை, மீன் ஒரு அடி ஆனது. சாதாரண சக்கர், இதே மாதிரி வாயால் ஒட்டிக்கொள்ளும் பெரிய மீன். முதுகுத் துடுப்பு பாய்மரம் மாதிரி. அந்தத் துடுப்பைத் தாங்கும் குச்சிகளை, அதாவது கதிர்களை, எண்ணியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்: பிரிஸ்டில்நோஸுக்கு முதல் முள்ளை விட்டால் ஏழு கதிர், பாய்மரச் சக்கருக்குப் பெரும்பாலும் பத்துக்கு மேல்.

கடைக்காரர் குளத்தில் விடச் சொன்னார், விட்டேன். பக்கெட்டைச் சாய்த்ததும் ஒரு நொடி கரையோரம் நின்றது, அப்புறம் கலங்கலுக்குள் போய்விட்டது. ரொம்ப நாள் கழித்து அதே கரையில் ஒருவர் வலையிலிருந்து சக்கரைப் பிய்த்து மேட்டில் எறிந்துகொண்டிருந்தார், வலையெல்லாம் ஓட்டை. கரையில் வளை தோண்டும், மற்ற மீன்களின் தீனியையும் காலி பண்ணும் மீன் அது. அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. தயவுசெய்து யாரும் குளத்தில் விடாதீர்கள்.

மஞ்சள்மண்டி (ஈரோடு)

திருப்பூர்க்காரரே, அளவெல்லாம் சரிங்க, ஆனால் ஒரு பையனிடம் பேர் கெட்டுப்போன அக்காவுக்கு அத்தனை பாடமா? நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

குகைக்குள் ஆரஞ்சு முட்டைக் கொத்து, மேலே ஆண். ராத்திரி கரண்ட் போய்விட்டது, ஃபில்டர் நின்றுவிட்டது. செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால், துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கிறது. நாங்கள் வீட்டுக்குள் முறம் எடுத்து விசிறிக்கொண்டிருந்தோம், அது உள்ளே விசிறிக்கொண்டிருந்தது. கரண்ட் வர மூன்று மணி நேரம். அது நிறுத்தவே இல்லை. முட்டையைக் காப்பது ஆண்தான், இட்டதோடு பெண் போய்விடும். அதனால் குகைக்குள் முட்டையோடு உட்கார்ந்திருப்பது எது என்று பார்த்தால் சந்தேகமே வேண்டாம்.

அந்த மீசை பார்ப்பதற்குக் குஞ்சுகள் ஒட்டியிருப்பது போல இருப்பதால், ஏற்கெனவே பிள்ளை வளர்க்கும் ஆண் என்று பெண் நம்பித் தேடி வரலாம் என்று 1999இல் சபாஜ், ஆர்ம்ப்ரஸ்டர், பேஜ் என்ற மீன் ஆய்வாளர்கள் மூவரும் எழுதினார்கள். அன்றைக்கு ராத்திரிக்குப் பிறகு எனக்கு அது நம்பும்படியாகவே இருக்கிறது.

பவானிக்கரை (கோபி)

திருப்பூர்த் தம்பி சொன்னது வலித்தது, ஆனால் சரிதான். பெரியது இருந்த டேங்கில் மீசை பிந்தும் என்பது எனக்குத் தெரியாது. மிச்சமிருந்த மூன்றாவதை நேற்று டப்பாவில் எடுத்துப் பார்த்தேன். மூன்றே கால் இஞ்ச், நெற்றி மழமழ, மேலிருந்து பார்த்தால் வயிறு உருண்டை. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போகும்போது டப்பாவோடு கொண்டுபோகிறேன். இந்தத் தடவை என்னவென்று நான் சொல்லப்போவதில்லை. அவனையே பார்த்துச் சொல்லச் சொல்வேன்.