பசுமைக்குடில் வெள்ளரிக்கு உரத்தைக் குறைத்தது பாக்டீரியாவா, மண்ணில் கிடந்த பழைய உரமா?

ஓசூர் குடில்காரன்:
நேற்று இங்கே மண்வாசனை என்பவர், "அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற இரண்டு உயிர் உரப் பாக்டீரியாவையும் விட்டேன், வெள்ளரிக்கு உரத்தைக் கால் பங்கு குறைத்தேன், காய் குறையவில்லை" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஒரே கேள்விதான். பாக்டீரியா விடாமல் உரத்தை மட்டும் குறைத்து ஒரு பாத்தியை விட்டுப் பார்த்தீர்களா? குடிலுக்குள் மழை விழாது. வருஷக்கணக்கில் சொட்டுநீரில் விட்ட உரம் அடித்துப்போக வழியில்லாமல் மண்ணிலேயே தங்கும். பாத்தி ஓரத்தில் வெள்ளையாகப் பூத்து நிற்பது அதுதான். அந்த மண்ணில் எதையுமே ஊற்றாமல் கால் பங்கு குறைத்தாலும் ஒரு பயிர் தாங்கும்.

மண்வாசனை:
செடியைப் பிடுங்கிப் பாருங்கள் அண்ணா. சல்லிவேர் கொத்துக் கொத்தாக ஓடியிருக்கிறது. முன்பு இப்படி இருந்ததில்லை. பழைய உப்பா வேரை வளர்த்தது?

ஓசூர் குடில்காரன்:
வேர் ஓடுவது வேறு, தழைச்சத்து (நைட்ரஜன்) கொடுப்பது வேறு. அசோஸ்பைரில்லம் வேரைத் தூண்டும் ஹார்மோனைச் சுரக்கும். ஆனால் மண்ணில் அமோனியா நிறையக் கிடந்தால் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் வேலையை அது நிறுத்திவிடும். பாஸ்போபாக்டீரியாவும் மண்ணில் கட்டிக் கிடக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) அமிலம் சுரந்து கரைத்துத்தான் தருகிறது, புதிதாக உண்டாக்குவதில்லை. பாத்தி விட்டீர்களா, இல்லையா?

மண்வாசனை:
ஆயிரம் சதுர மீட்டர் குடில், மேலே வங்கிக் கடன். சோதனைக்கு என்று பாத்தியை விட நான் என்ன ஆராய்ச்சி நிலையமா நடத்துகிறேன்?

மலைநாட்டான்:
நுவரெலியாப் பக்கம் இருந்து எழுதுகிறேன். பசளையைக் குறைக்கலாம் என்று லேசாகச் சொல்லாதீங்கோ. 2021இல் எங்கட நாட்டில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, நவம்பரில் திரும்ப விட்டவை. அதுக்குள்ள மரக்கறித் தோட்டங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

மண்வாசனை:
அரசு முழுக்க நிறுத்தியதும் நான் கால் பங்கு குறைத்ததும் ஒன்றா? இதை ஏன் இங்கே கொண்டுவருகிறீர்கள்?

மலைநாட்டான்:
ஏன் கொண்டுவரக் கூடாது? பட்டவன் பேசத்தான் செய்வான்.

உயிர்உரக் கடை:
சார், காப்பர் ஆக்சிகுளோரைடு பூஞ்சைக்கொல்லி, பாக்டீரியாவையும் கொல்லும். அதை ஊற்றிய பாத்தியில் மறுநாளே பாக்டீரியாவை விட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்பவர்கள்தான் அதிகம். ஓசூர்காரரும் அப்படித்தான் செய்திருப்பார்.

ஓசூர் குடில்காரன்:
என் குடிலை நீங்கள் வந்து பார்த்தீர்களா? போன வருஷம் ஒரு கடையில் வெயிலில் அடுக்கி வைத்த பொட்டலத்தை என் தலையில் கட்டினார்கள். வீட்டுக்கு வந்து தேதியைப் பார்த்தால் காலாவதி. எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

உயிர்உரக் கடை:
ஒரு கடை செய்ததற்கு எல்லாக் கடையையும் திட்டுவீர்களா? பவுடர் என்றால் கிராமுக்கு 5 கோடி பாக்டீரியா இருக்க வேண்டும் என்று உரக் கட்டுப்பாட்டு ஆணையிலேயே இருக்கிறது.

ஓசூர் குடில்காரன்:
பொட்டலம் கட்டும்போது இருக்கும். நான் பிரிக்கும்போது எத்தனை உயிரோடு இருக்கும்? அதை விடுங்கள். மண்வாசனை இன்னும் பதில் சொல்லவில்லை. முழுப் பாத்திகூட வேண்டாம், பத்தடி போதும்.

மண்வாசனை:
எத்தனை தடவை கேட்டாலும் பதில் ஒன்றுதான். என் காய் எடை குறையவில்லை, உரச் செலவு குறைந்தது. உங்களுக்கு வராதது எனக்கு வந்துவிட்டதே என்ற கோபம் உங்களுக்கு.

ஓசூர் குடில்காரன்:
கோபம்தான், மறுக்கவில்லை. உங்கள் பேச்சைக் கேட்டு, புதுசாகத் தேங்காய் நார்ப் பையில் குடைமிளகாய் வைத்தவன் உரத்தைக் குறைத்தால் என்ன ஆவான்? அதில் பழைய உரம் கிடக்காதே. நடுவதற்கு முன் உங்கள் மண்ணின் ஈசி (EC, மண்ணில் கரைந்த உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு) எவ்வளவு இருந்தது? அதையாவது சொல்லுங்கள்.

மண்வாசனை:
அடுத்த பயிருக்கும் பாக்டீரியா விடத்தான் போகிறேன்.

ஓசூர் குடில்காரன்:
ஈசி எவ்வளவு?