சிறு பீர் ஆலை வளர வேண்டுமா, தன் வாசலிலேயே விற்க வேண்டுமா?

செம்புக்கலன்:
பெருநிறுவனங்களைவிடச் சுவையான பீரைத் தயாரித்துவிட்டால் சந்தை தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் பெரும்பாலான சிறு ஆலைகள் தொடங்கப்படுகின்றன. அவற்றில் பலவற்றைக் கவிழ்ப்பதும் அதே நம்பிக்கைதான் என்பது என் உறுதியான கருத்து. பெரிய ஆலைக்கு நல்ல பீர் தயாரிக்கத் தெரியாது என்று எண்ணுவது தவறு. ஹாப்ஸ் என்ற பூவின் கசப்போ, முளைகட்டி வறுத்த தானியமான மால்ட்டின் மணமோ குறைகளை மறைக்க வாய்ப்பில்லாத மெல்லிய லாகரை, அதாவது குளிரில் புளித்து முதிரும் பீரை, பல ஊர்களில் உள்ள ஆலைகளில், ஒவ்வொரு பேட்ச்சும் ஒரே சுவையில் வரும்படி தயாரிப்பது இத்தொழிலின் மிகக் கடினமான வேலைகளில் ஒன்று.

சிறு ஆலை தோற்பது கடை அலமாரியில். அமெரிக்காவில் 1933-இல் மதுவிலக்கு நீங்கியபின், ஆலை விநியோகஸ்தருக்கு விற்க வேண்டும், அவர் கடைக்கு விற்க வேண்டும் என்ற மூன்றடுக்கு முறை வந்தது. 1996-இல் பீர் பெருநிறுவனமான ஆன்ஹைசர்-புஷ், தன் விநியோகஸ்தர்களின் கவனம் முழுவதும் தன் சரக்கின்மீதே இருக்க வேண்டும் என்று கோரி, அதற்கு இணங்குவோருக்குச் சலுகைகளையும் அறிவித்தபோது, அதுவரை அதே லாரிகளில் ஏறிக்கொண்டிருந்த பல சிறு பீர்கள் இறக்கிவிடப்பட்டன. சுவையில் அவற்றுக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை.

ஆகவே சிறு ஆலை, தன் கட்டடத்திலேயே அருந்தகம் வைத்து, டேங்கிலிருந்து நேரே குவளைக்கு விற்க வேண்டும் என்கிறேன். விநியோகஸ்தரின் பங்கும் கடைக்காரரின் பங்கும் ஆலைக்கே நிற்கும். பீரும் கெடாமல் போய்ச் சேரும். சட்டம் இதற்கு இடம் தரும் ஊர்களில் இதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியவில்லை.

பார்லிவயல்:
நண்பர் செம்புக்கலன் அலமாரியைப் பற்றிச் சொன்னது சரி; அதிலிருந்து அவர் வந்தடையும் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. எல்லோரும் தத்தம் வாசலிலேயே நின்றிருந்தால் சிறு ஆலைகளின் கைவண்ணமான கிராஃப்ட் பீர் என்ற ஒன்றே இன்று இருந்திருக்காது. கலிஃபோர்னியாவின் சோனோமாவில் 1976-இல் ஜாக் மெக்காலிஃப் தொடங்கிய நியூ ஆல்பியன், நல்ல பெயர் எடுத்தும், லாபம் காணும் அளவுக்குப் பெரிதாக முடியாமல் 1982-இல் மூடப்பட்டது. அதே மாநிலத்தில் 1980-இல் தொடங்கிய சியரா நெவாடா, கேஸ்கேட் வகை ஹாப்ஸின் மணம் தூக்கலாக இருந்த தன் பேல் ஏல் என்ற வெளிர்நிறப் பீரை நாடு முழுவதும் கொண்டு சேர்த்தது. அதன் பிறகுதான் பின்னால் வந்த நூற்றுக்கணக்கான ஆலைகளுக்கு வாடிக்கையாளர் என்றொரு கூட்டமே உருவாயிற்று.

சிறு அளவுக்கு உரிய தண்டனை அருந்தகத்துக்கு வெளியேதான் காத்திருக்கிறது. அச்சிட்ட அலுமினிய கேன்களை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கேன் தயாரிப்பாளரான ‘பால்’ (Ball) நிறுவனம், ஒரு லாரிச் சுமையாக இருந்த குறைந்தபட்ச ஆர்டரை 2022-இல் ஐந்து லாரிச் சுமையாக உயர்த்தியது. ஒவ்வொரு வகைப் பீருக்கும் ஏறத்தாழ 10 லட்சம் கேன்களை மொத்தமாக வாங்கி அடுக்கிவைக்கப் பணமும் கிடங்கும் எந்தச் சிறு ஆலையிடம் இருக்கும்? வெற்றுக் கேன் வாங்கி ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் மிச்சம். அதற்கு ஆகும் கூடுதல் செலவு ஒவ்வொரு கேனின் விலையிலும் ஏறும்.

2020-ஐயும் மறந்துவிட வேண்டாம். பெருந்தொற்றினால் அருந்தகங்கள் மூடப்பட்டபோது, கெக் எனும் பெரிய உலோகக் கலன்களில் மட்டுமே பீரை அடைத்துவந்த ஆலைகளுக்கு விற்கும் வழியே அடைபட்டது. கேனில் அடைக்கும் வசதி வைத்திருந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள்.

குளிரறை:
நான் ஆலையில் வேலை செய்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நீங்கள் இருவரும் விற்பனையைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் கணக்கு டேங்கிலிருந்து தொடங்குகிறது. மிதமான வெப்பத்தில் புளிக்கும் ஏல் வகைப் பீர் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் டேங்கை விட்டு வெளியேறிவிடும். முறையாகக் குளிரில் முதிர வைக்கும் லாகர், ஐந்து ஆறு வாரங்கள்கூட அதே டேங்கை அடைத்துக்கொண்டிருக்கும். லாகர் ஒரு முறை இறங்குவதற்குள் ஏல் இரண்டு மூன்று முறை இறங்கிவிடும். பெரிய ஆலைகளோ அடர்த்தியாகக் காய்ச்சிப் புளிக்கவைத்து, கடைசியில் ஆக்சிஜன் நீக்கிய நீரைச் சேர்த்து அளவைப் பெருக்கிக்கொள்வதால், ஒரே டேங்கிலிருந்து கூடுதலான பீரை எடுக்கின்றன. பெருநிறுவனத்தின் லாகரோடு விலையில் போட்டியிட முயலும் சிறு ஆலை, தன் டேங்குகளைத் தானே பூட்டிக்கொள்கிறது.

நமக்குச் சாதகமான ஒன்றே ஒன்று ஹாப்ஸின் மணம். அது நீண்ட பயணத்தையும் கிடங்கு வெப்பத்தையும் தாங்காது; கேனுக்குள் நுழையும் சிறிதளவு ஆக்சிஜனே போதும், சில வாரங்களில் ஹாப்ஸ் தரும் பழங்களைப் போன்ற மணம் மங்கி, நனைந்த அட்டையின் வாடை தலைகாட்டும். கேனைத் திறந்து முகர்ந்தவுடனேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். ஆதலால், பார்லிவயல் சொல்வதுபோல் கேனில் இறங்குவதென்றால், முதலில் அடைக்கும் இயந்திரத்துக்கும் ஆக்சிஜனை அளக்கும் கருவிக்கும் பணம் ஒதுக்க வேண்டும். லேபிளை அழகாக்குவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

செம்புக்கலன்:
குளிரறை சொன்னது என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. மணம் பயணத்தைத் தாங்காதென்றால், பயணத்தைக் குறைப்பதுதானே முறை?

கூட்டம் உருவான கதையைப் பார்லிவயல் சொன்னார். உருவான பிறகு என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பேலஸ்ட் பாயிண்ட் என்ற கிராஃப்ட் பீர் ஆலையை 2015-இல் மதுபானப் பெருநிறுவனமான கான்ஸ்டெலேஷன் 100 கோடி டாலருக்கு வாங்கியது. நான்கே ஆண்டுகளில், அந்தத் தொகையின் அருகில்கூட வராத விலைக்கு, பெயர் அதிகம் அறியப்படாத ஒரு சிறு ஆலைக்கு அதை விற்றுவிட்டது. நாடெங்கும் பரவிய அந்தப் பெயரை வீழ்த்தியதில் ஒவ்வொரு ஊரிலும் முளைத்த உள்ளூர் ஆலைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 1896 முதல் சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்த ஆங்கர் ஆலையை, 1965-இல் திவாலாகும் தறுவாயில் ஃபிரிட்ஸ் மேடாக் வாங்கிக் காப்பாற்றினார். 2017-இல் அதை வாங்கிய ஜப்பானிய நிறுவனமான சப்போரோ, 2023-இல் மூடியது. ஊர்க்காரர்கள் நேசித்த ஒரு பீரின் கதி தொலைதூர அலுவலகத்தின் கணக்கில் முடிவானது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

பார்லிவயல்:
அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் வாசலில் விற்பதால் மட்டும் விலை வித்தியாசம் மறைந்துவிடாது. வரி விதிப்பிலும் சரக்கு வாங்குவதிலும் ஒன்றுகூடிப் போராடிய இடங்களில்தான் சிறு ஆலைகளுக்கு உண்மையாக மூச்சு விட முடிந்தது. பிரிட்டனில் 2002-இல், ஆண்டுக்கு 5,000 ஹெக்டோலிட்டர் (5 லட்சம் லிட்டர்) வரை தயாரிக்கும் ஆலைகளுக்குப் பீர் வரி பாதியாக்கப்பட்டது; சிறு ஆலைகளின் சங்கம் பல ஆண்டுகள் வாதாடிப் பெற்றது அது. அமெரிக்காவில் 2018 முதல், 20 லட்சம் பீப்பாய்க்கு மிகாமல் தயாரிக்கும் உள்நாட்டு ஆலைகள் முதல் 60,000 பீப்பாய்களுக்குப் பீப்பாய் ஒன்றுக்கு 3.50 டாலர் கட்டினால் போதும். முன்பு அது 7 டாலராக இருந்தது. ஹாப்ஸ் தட்டுப்பாடு வந்த 2008-இல், பாஸ்டன் பீர் நிறுவனம் தன் கையிருப்பிலிருந்து ஒரு பகுதியைச் சிறு ஆலைகளுக்கு அடக்க விலைக்கே கொடுத்தது. தனித்தனி வாசல்களில் நின்றுகொண்டு இவற்றில் எதைச் சாதித்திருக்க முடியும்?

குளிரறை:
பிரிட்டனின் வரிச் சலுகைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 5,000 ஹெக்டோலிட்டரைத் தாண்டியதும் சலுகை மிக வேகமாகக் கரைந்ததால், கூடுதலாகத் தயாரிக்கும் பீரில் லாபம் நிற்காது என்று பல ஆலைகள் அந்த அளவிலேயே நின்றுகொண்டன. வளர விரும்பியவர்களையும் சட்டமே வாசலில் நிறுத்தியது. 2023 ஆகஸ்டில்தான் அந்த முறை மாற்றப்பட்டு, சலுகை படிப்படியாகக் குறையும்படி அமைக்கப்பட்டது. எனவே பார்லிவயல் அவர்களே, சங்கம் அடுத்து எதைக் கேட்க வேண்டும் என்பதில்தான் எனக்குக் கேள்வி: வரியில் இன்னும் குறைப்பா, அல்லது ஆலைகள் சேர்ந்து கேன்களை மொத்தமாக வாங்க ஒரு கூட்டுறவா? என் ஆலைக்கு இப்போது தேவைப்படுவது இரண்டாவதுதான்.