‘லிப்பிட் ராஃப்ட்’: தெப்பமா, புணையா, திட்டா?

அன்பர்களே, வணக்கம்.

முதுநிலை மாணவர்களுக்கான நோயெதிர்ப்பியல் பாடக்குறிப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சொல்லில் வந்து நிற்கிறேன். செல் சவ்வில் கொலஸ்டிராலும் ஸ்பிங்கோலிப்பிடும் நெருங்கிச் சேர்ந்த நுண்பகுதிகளை ‘லிப்பிட் ராஃப்ட்’ என்கிறார்கள். ஆன்டிஜென் (நோயெதிர்ப்பைத் தூண்டும் பொருள்) துண்டைத் தாங்கும் எம்எச்சி மூலக்கூறுகள் அங்கே குவிந்திருந்தால், துண்டுகள் சொற்பமாக இருந்தாலும் டி செல் என்னும் நோயெதிர்ப்பு வெள்ளணு அடையாளம் கண்டுகொள்ளும். ஏராளமாக இருந்தால் இந்தக் குவிப்பு அவ்வளவாகத் தேவைப்படாது. ‘கொழுப்புத் தெப்பம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானா?
– ம., கோவை

அம்மா, தெப்பம் வேண்டாம். மதுரை மாரியம்மன் தெப்பக்குளத்தில் தெப்பம் மைய மண்டபத்தைச் சுற்றி வடம் பிடித்து இழுக்கப்படுவது. சவ்வில் இருப்பது தன் போக்கில் மிதப்பது. அதற்குப் ‘புணை’ இருக்கிறதே! ‘நீர்வழிப் படூஉம் புணைபோல்’ என்கிறது புறநானூறு 192. புணர், பிணை, புணை எல்லாம் ஒரே வேரடி என்பது என் துணிபு. கட்டைகளைப் பிணைத்ததால் புணை. குறள் 306 இனத்தையே ‘ஏமப் புணை’ என்கிறது. ஒத்த மூலக்கூறுகள் இனம் சேர்வதுதானே இங்கும் நடக்கிறது? ‘மிதவை’யையும் இப்போதே மறுத்துவிடுகிறேன். அகநானூறு 86-இல் ‘உழுந்துதலைப் பெய்த கொழுங்களி மிதவை’ திருமண வீட்டு உணவு.
– அ., மதுரை

ஐயா, புணை எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் முன்சொல்லைக் கவனியுங்கோ. கொழுப்பு வேறு, லிப்பிட் வேறு. முன்னது பின்னதில் ஒரு வகை மட்டுமே. நாங்கள் ‘இலிப்பிட்டு’ என்றுதான் படிப்பிக்கிறோம். செல்லுக்குக் கலம், ஆன்டிஜெனுக்குப் பிறபொருளெதிரியாக்கி. நீளம் என்று சொல்லாதீர்கள். பிறபொருள், எதிரி, ஆக்கி என்று பிரித்துக் காட்டினால் பிள்ளைகளுக்கு அதன் வேலையே விளங்கிவிடும். ஆன்டிஜென் என்ற ஒலியில் என்ன விளங்கும்?
– ந., யாழ்ப்பாணம்

கலம் என்றால் மரக்கலமும்தானே, ஐயா? ‘கலத்தின் மேற்பரப்பில் புணை’ என்று படிக்கும் மாணவர் கடலுக்குப் போய்விடுவார். தமிழ்நாட்டு வகுப்புக்குச் செல், ஆன்டிஜென் போதும். முன்சொல்லுக்குக் ‘கொழுமியம்’ புழக்கத்தில் இருக்கிறது.
– ச., திருச்சி

நான் இந்தத் துறையில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன். சிங்கரும் நிக்கல்சனும் 1972-இல் சவ்வைப் பாய்மமாகக் காட்டினார்கள். சைமன்ஸும் இக்கோனனும் 1997-இல் ராஃப்ட் கருத்தை விரித்தார்கள். 2006-இல் ஆய்வாளர்கள் கூடி ஒப்புக்கொண்ட வரையறைப்படி இவை 10 முதல் 200 நானோமீட்டர் அளவுள்ளவை, ஓயாமல் மாறுபவை. கட்டிய கட்டைகள் அல்ல. உயிருள்ள செல்லில் இவற்றின் இயல்பு பற்றிய வாதமும் ஓயவில்லை. தெப்பமோ புணையோ உறுதியான பொருளை மனத்தில் பதித்துவிடும். ‘சவ்வுத்திட்டு’ என்றால் அந்த ஆபத்து குறைவு.

இன்னொன்று. அடையாளம் காணுதல் முழுவதையும் ராஃப்டின் தலையில் ஏற்றாதீர்கள். டி செல் ஏற்பி எம்எச்சியைப் பிடிக்கும் இடத்தில் இரு சவ்வுகளுக்கும் இடைவெளி சுமார் 15 நானோமீட்டர்தான். சிடி45 போன்ற நெடிய புரதங்கள் அந்த இடுக்கில் கொள்ளாமல் விலகுகின்றன. ஏற்பியிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றும் சிடி45 விலகியதும் சமிக்ஞை நிலைக்கிறது. இது உயரத்தால் வரும் பிரிவினை. 1996 முதல் பேசப்படும் கருத்து. பாடத்தில் இதற்கும் ஒரு பத்தி வேண்டும்.
– இ., பெங்களூரு

திட்டு நகராதே, தம்பி! ஆற்றில் மணல்திட்டைச் சுற்றித்தான் நீர் போகும். நகர்ச்சி போனால் பெயரின் உயிரே போயிற்று.
– அ.

அனைவருக்கும் நன்றி. மாணவர் சிலரிடம் மூன்று சொற்களையும் காட்டினேன். தெப்பம் உடனே புரிந்தது. புணைக்கு விளக்கம் கேட்டார்கள். தனிமடலில் சொன்னவர்களில் பெரும்பான்மை ‘கொழுமியத் தெப்பம்’ பக்கம். அதையே அனுப்புகிறேன். அளவும் மாறும் இயல்பும் படத்தின் கீழே வரும். சிடி45 பத்தியையும் சேர்த்துவிட்டேன். சொல்லடைவில் புணையும் இருக்கும்.
– ம.

சொல்லடைவில் ஒதுக்கினால் அந்தச் சொல் அங்கேயே கிடக்கும், அம்மா. பாடத்தில் ஒரே ஓர் இடத்திலாவது ‘புணை’ என்று எழுதுங்கள்.
– அ.

எங்கள் வகுப்புக் குறிப்பில் ‘இலிப்பிட்டுப் புணை’ என்றே போடுகிறோம், ஐயா. கலத்தையும் மாற்றவில்லை.
– ந.