ஒரு நாள் விட்டால் மொத்தமும் நின்றுவிடுகிறது, உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். தமிழ்நாடு அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்கு வீட்டிலிருந்தே படிக்கிறேன். துணிக்கடையில் பில் போடும் வேலை. வீடு திரும்ப இரவு பத்து மணி ஆகிவிடும். அதனால் காலை நாலரைக்கு எழுந்து படிப்பதாகத் திட்டம்.

திங்கள் முதல் வியாழன் வரை சரியாக நடக்கிறது. வெள்ளிக்கிழமை உடம்பு அசந்து ஒரு நாள் தூங்கிவிட்டால் போதும், அந்த வாரமே போய்விடுகிறது. அப்புறம் பத்து நாள் கழித்து, குற்ற உணர்ச்சியோடு மறுபடி ஆறாம் வகுப்புத் தமிழ் முதல் இயலிலிருந்து தொடங்குகிறேன். ஏழு மாதத்தில் அந்தப் புத்தகத்தை மூன்று முறை முடித்துவிட்டேன். எட்டாம் வகுப்புப் புத்தகத்தை இன்னும் திறக்கவில்லை. 200 கேள்விகளில் 100 தமிழ் என்பதால் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன். கணக்கில் வரும் 25 கேள்விகள் பக்கம் போகவே இல்லை. தனிவட்டி, கூட்டுவட்டி என்றாலே நாளைக்குப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

அம்மா தினமும் எனக்காக எழுந்து டீ போட்டுத் தருகிறார். அதைப் பார்க்கும்போதுதான் மனசு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

வேலைக்குப் போய்க்கொண்டே படித்துத் தேறியவர்கள் சொல்லுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் எங்கிருந்து தொடங்கினீர்கள்? விட்ட பாடத்தைச் சேர்த்துப் படித்தீர்களா, அப்படியே தாண்டிப் போனீர்களா? பிடிக்காத கணக்கை நாளின் எந்த நேரத்தில் வைத்தீர்கள்?

இன்னொன்று. காலை ஐந்து மணிக்கு ‘உட்கார்ந்துவிட்டேன்’ என்று ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிக்கொள்ள யாராவது தயாரா? பெண்களாக இருந்தால் எனக்கு வசதி. கமெண்டில் சொல்லுங்கள், நானே தொடர்புகொள்கிறேன்.