செட்டிநாட்டு ஹோட்டலில் கூண்டில்லா முட்டை: கட்டுப்படியாகுமா?

கானாடுகாத்தான் பரமு:
பழைய வீடு ஒன்றை ஹோட்டலாக நடத்துகிறோம், 14 அறை. போன வாரம் தங்கிய பிரெஞ்சுத் தம்பதி ஆம்லெட்டைத் தொடும் முன் கேட்டார்கள்: இது கூண்டுக்கோழி முட்டையா என்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் பழைய வகைக் கம்பிக்கூண்டுக்கு 2012-லிருந்தே தடை. மாரியட் மாதிரி பெரிய ஹோட்டல் குழுமங்கள் 2025-க்குள் கூண்டில்லா முட்டைக்கு மாறுவதாக வாக்குக் கொடுத்தன. நாமும் மாறினால் என்ன?

ஆத்தங்குடி பந்தி:
மாறலாம் தம்பி, காசு யார் கொடுப்பது? நாமக்கல் முட்டை 6 ரூபாய்க்கு வாசலில் வந்து இறங்குகிறது. கூண்டில்லா முட்டைக்கு என்னிடம் 13 சொன்னார்கள். அதுவும் 50 அட்டைக்கு (அட்டைக்கு 30 முட்டை) குறைந்தால் வண்டி வராதாம். காதுகுத்து விருந்தில் ஆயிரம் இலைக்கு ஆளுக்கொரு அவித்த முட்டை வைத்தால் 7,000 ரூபாய் கூடுதல். விருந்துக்காரர் வாழையிலைக்கே பேரம் பேசுகிறவர்!

மோகனூர் ரவி:
கூண்டுப் பண்ணையில் மூன்று வருடம் தீவனம் போட்டவன் நான். ஒரு கோழிக்கு ஏ4 தாள் அளவு இடம்கூடக் கிடையாது, றெக்கையை விரிக்க முடியாது. முட்டையிட மறைவிடம் தேடுவது கோழியின் குணம். நம் வீட்டுக் கோழி நெல் குதிருக்குப் பின்னால் போய் இடுமே, அதேதான். கூண்டில் அது சாய்ந்த கம்பிமேல் நின்றபடியே இட வேண்டும், முட்டை உருண்டு முன்னால் வந்துவிடும். நகம் கம்பியைச் சுற்றி வளர்ந்துவிட்ட கோழிகளைக் கத்தரித்து எடுத்திருக்கிறேன். அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பது 1960-ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவுப்படி குற்றம். சட்ட ஆணையமும் 2017-ல் தன் 269-வது அறிக்கையில் முட்டைக்கோழி வளர்ப்புக்கு விதிகளை வரைந்தே கொடுத்தது.

ஆத்தங்குடி பந்தி:
ரவி சொல்வது மனசுக்குக் கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் கூண்டில்லா முட்டை என்றதும் தோப்பில் மேயும் கோழி என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் கொட்டகைக்குள் உமி பரப்பித்தான் விடுகிறார்கள். அங்கேயும் ஒன்றையொன்று கொத்தும், அலகு முனையை வெட்டுவதும் உண்டு. அப்புறம், பெயரை நம்பி வாங்குவதா? நாட்டுக்கோழி முட்டை என்று சந்தையில் வாங்கியதை ஈரத்துணியால் துடைத்தேன், துணியெல்லாம் டீ நிறம், சாயம் ஏற்றிய வெள்ளை முட்டை.

கானாடுகாத்தான் பரமு:
அண்ணே, விருந்துப் பந்திக் கணக்கை விடுங்கள். எனக்குக் காலை டிபனுக்கு ஒரு நாளைக்கு 40 முட்டை. கூடுதல் 280 ரூபாய், அறைக்கு 20. வாடகையில் அது தெரியவே தெரியாது. மூன்று ஹோட்டல் சேர்ந்தால் இரண்டு வாரத்துக்கு ஒரு வண்டி எடுத்துவிடலாம். பண்ணையை நேரில் பார்க்க ரவியைக் கூட்டிப்போகிறேன்.

மோகனூர் ரவி:
வருகிறேன். சொல்லாமல் போய் நிற்போம்.

ஆத்தங்குடி பந்தி:
சரி, போய்ப் பாருங்கள். சித்திரை வெயிலில் 50 அட்டையை இரண்டு வாரம் எங்கே வைப்பதாக உத்தேசம், தம்பி?