காட்டன் பையில் சப்ளிமேஷன் நிற்கவில்லை, 150 தாம்பூலப் பைக்கு என்ன வழி?

நூல்கண்டு:
அண்ணன் குழந்தைக்கு அடுத்த மாதம் காதுகுத்து. தாம்பூலப் பையில் பாப்பா பெயரும், அவள் அக்கா வரைந்த மயிலும் போட்டுத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். மஞ்சள் காடா துணிப் பை, 150 வேண்டும். என்னிடம் இருப்பது மக்கில் படம் போட வாங்கிய சப்ளிமேஷன் பிரிண்டர், கூடவே துணிக்கான ஹீட் பிரஸ். 200 டிகிரியில் 60 விநாடி வைத்துப் பார்த்தேன், மங்கலாகத்தான் வந்தது, நீல மயில் பச்சையாகிவிட்டது, ஒரு தடவை அலசினால் அதுவும் போய்விடுகிறது. இங்க் மட்டமா, இல்லை நேரத்தைக் கூட்டணுமா?

பழைய அச்சு:
நேரத்தைக் கூட்டினால் பைதான் கருகும். இங்க் மேல் தப்பில்லை. சப்ளிமேஷன் சாயம் சூட்டில் ஆவியாகி பாலியஸ்டருக்குள் போய் உட்காரும், பருத்தியில் அதற்குப் பிடிமானமே கிடையாது. உங்கள் மக்கில் நிற்கிறதே, அது பீங்கானில் நிற்கவில்லை, மேலே பூசிய பாலிமரில் நிற்கிறது. அப்புறம் இந்த முறையில் வெள்ளை இங்க் கிடையாது, துணியின் நிறம் அப்படியே அடியில் தெரியும், அதனால்தான் மஞ்சள் மேல் விழுந்த நீலம் பச்சையாகிவிட்டது. பருத்திக்கென்று ஸ்ப்ரே விற்கிறார்கள், அடித்தால் துணி விறைத்துப் போகும், எனக்குப் பிடிக்காது.

கலர்பெட்டி:
மயில் பல நிறம் என்றால் டிடிஎஃப், அதாவது படத்தை முதலில் ஃபிலிமில் அச்சடித்து, பிறகு சூட்டில் துணியில் ஒட்டும் முறை. படத்துக்கு அடியில் வெள்ளை இங்க் அடித்துத் தருவார்கள், மஞ்சள் துணியிலும் நீலம் நீலமாகவே இருக்கும். மெஷின் வாங்க வேண்டாம், ஃபிலிமை மட்டும் மீட்டர் கணக்கில் அடித்து வாங்கி, உங்கள் பிரஸ்ஸிலேயே 150, 160 டிகிரியில் ஒரு 15 விநாடி ஒட்டலாம். 60 செ.மீ. அகல ஃபிலிமில் 18 செ.மீ. படம் வரிசைக்கு மூன்று வரும், உயரம் 15 செ.மீ. என்றால் 50 வரிசை, ஏழரை மீட்டர், இடைவெளியும் சேர்த்து எட்டரை என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டால் கொஞ்சம் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும், படத்தின் மேல் நேராக இஸ்திரி போடக்கூடாது.

பழைய அச்சு:
தாம்பூலப் பைக்குப் போய் பிளாஸ்டிக் தோலா? குழந்தை வரைந்தது கோட்டோவியம்தானே, ஸ்கிரீன் பிரிண்டிங்கில், அதாவது சட்டத்தில் கட்டிய வலை வழியாக இங்க்கைத் துணியில் இறக்கும் முறையில், அரக்குக் கலரில் ஒரே ஸ்கிரீன் போதும். நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் வேண்டும் என்பதால் நாலைந்து நிறம் வைத்தால்தான் செலவு ஏறும், ஒரே நிறத்தில் எத்தனை பை போட்டாலும் ஸ்கிரீன் செலவு ஒன்றுதான். பைக்குள் அட்டை வைத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் இங்க் பின்பக்கம் இறங்கிவிடும். தையல் மேட்டில் ஸ்கிரீன் ஏறினால் அந்த இடத்தில் கோடு விட்டுப்போகும், எனவே படத்தைக் கொஞ்சம் நடுவில் வையுங்கள். இங்க்கில் ஃபிக்ஸர் (சாயம் துணியில் பிடிக்கக் கலப்பது) கலந்தால் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். நடுவில் டீ குடிக்கப் போனால் ஸ்கிரீனை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போங்கள், இங்க் காய்ந்தால் வலையின் கண் அடைத்துக்கொள்ளும், நான் அப்படி இரண்டு ஸ்கிரீனைப் பாழாக்கியிருக்கிறேன். ஒரு நாள் கொடியில் காயவிட்டு உள்பக்கமாகத் திருப்பி இஸ்திரி போடுங்கள், அப்போதுதான் சாயம் பிடிக்கும்.

நூல்கண்டு:
சரி, அரக்கு மயிலே போகட்டும். தைத்த பையில்தான் போட வேண்டுமா, துணியாக இருக்கும்போதே போடலாமா?

பழைய அச்சு:
துணியாகவே போட முடிந்தால் ரொம்ப நல்லது. புதுக் காடாவில் கஞ்சி இருக்கும், முதலில் அலசிக் காயவையுங்கள், சுருங்கும், அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு வெட்டச் சொல்லுங்கள். பத்துப் பைக்குத் துணி கூடவே வாங்குங்கள், முதல் ஐந்து எப்படியும் கெடும்.