நம்ம வகையறா – சுடலை கொடை

செல்வம்: பிளெக்ஸ் கடைக்காரரு 5 மணிக்குள்ள மேட்டர் கேக்காரு. துரை அண்ணனுக்குப் பாராட்டுன்னு என்ன எழுத? கண்ணன் அனுப்புனது இது: "400 ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதிய அணு விஞ்ஞானி"

அருணாசலம் மாமா: 400ஆ. எப்பம் எழுதுனான். எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வர நேரமில்லன்னான்

விஜயா மைனி: ஆரம்பிச்சாச்சு

பாலு சித்தப்பா: அவசரப்படாத செல்வம். 400னு போட்டா தெரிஞ்சவன் சிரிப்பான். துரை இருக்கது ஆலிஸ்ங்குற குழு. ஜெனீவா பக்கம் செர்ன்ங்குற ஆராய்ச்சிக்கூடத்துல ஈய அணுக்கருவையும் ஈய அணுக்கருவையும் மோதவிட்டுப் பாக்காவ, 2010 நவம்பர்லருந்து. கருவி மட்டுமே 10,000 டன். வார ஒவ்வொரு கட்டுரையிலயும் ஆயிரம் பேரு பக்கம் அகர வரிசையில இருக்கும். இதாவது பரவால்ல. 2015ல ஹிக்ஸ்ங்குற நுண்துகளோட நிறையை அளந்து வேற ரெண்டு குழு சேந்து போட்ட கட்டுரையில 5,154 பேரு. 33 பக்கத்துல 24 பக்கம் பேரும் ஊரும்தான்.

கண்ணன்: நம்ம கொடை நோட்டீஸ் மாதிரி

செல்வம்: கமிட்டி 40 பேரு, பந்தக்கால் நட்டது 4 பேரு

அருணாசலம் மாமா: அந்த 40ல என் பேரு இல்ல

செல்வம்: மாமா அது அச்சுப் பிழை

அருணாசலம் மாமா: 3 வருசமா அச்சுப் பிழை. இந்தத் தடவ நம்ம நோட்டீஸும் அகர வரிசையில வரட்டும்

விஜயா மைனி: அருணாசலம்தான மொதல்ல வரும் 😀

பேச்சி அத்தை: அல்வா எத்தன கிலோ சொல்லணும்

கண்ணன்: அப்பம் ஆராய்ச்சிக் கட்டுரை தேடுத கூகுள் ஸ்காலர்ல உள்ள எச் இன்டெக்ஸப் போடுவோம். பெரிய நம்பர்

பேச்சி அத்தை: என்ன எச்சி

பாலு சித்தப்பா: எச்சி இல்லக்கா. 2005ல ஹிர்ஷ்னு கலிபோர்னியாவுல ஒரு இயற்பியல்காரர் கொண்டுவந்த கணக்கு. நம்ம கட்டுரைய இன்னொருத்தர் தன் கட்டுரையில எடுத்துச் சொன்னா அது ஒரு மேற்கோள். 10 கட்டுரை, ஒவ்வொண்ணுக்கும் 10 மேற்கோளுக்குக் குறையாம இருந்தா எச் 10. ஒரே கட்டுரை எழுதி அது ஆயிரம் தடவ மேற்கோள் ஆனாலும் எச் 1தான். பெரிய குழுவுல இருந்தா இது தானா ஏறிரும். தனியா உக்காந்து தியரி எழுதுதவனுக்கு ஏறாது. 1964ல அந்தத் துகளப் பத்திச் சொன்ன ஹிக்ஸ், அதுக்குப் பெறவு எழுதுனத விரல் விட்டு எண்ணிரலாம். 2013ல நோபல் குடுத்தாவ.

பேச்சி அத்தை: 3 கிலோ போதுமா

அருணாசலம் மாமா: கூடங்குளத்துல துரைக்குத் தெரிஞ்ச ஆளு இருக்கும்லா. கண்ணனுக்கு ஒரு வேல

கண்ணன்: அப்பா குரூப்ல வேண்டாம்

பாலு சித்தப்பா: அத்தான், அது கரண்டு எடுக்க எடம். 1000 மெகாவாட் உலை. இவன் சோலி வேற

அருணாசலம் மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

விஜயா மைனி: பாத்துட்டேன் மாமா

பேச்சி அத்தை: நீங்க போன வச்சிட்டு மோட்டார நிறுத்துங்க, டேங்கு வழியுது

விஜயா மைனி: ஒண்ணு சொல்லுதேன். எங்க வீட்டுக்காரவுக ராப்பகலா கெடந்தது அந்த போட்டான், அதான் ஒளித்துகள், எண்ணுத கருவிக்குத்தான். சின்னவ பொறந்த அன்னைக்கும் லேப்ல. போடுததா இருந்தா அதப் போடுங்க

பாலு சித்தப்பா: அது நெசம். பிஎம்டின்னு பேரு, கல்கத்தா ஆளுக முன்ன நின்னு செஞ்சது. 2008ல ஆலிஸ் கருவியப் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு, அத இன்னைக்கும் மேற்கோள் காட்டுதாவ. எந்த ஸ்குரூவ எவன் முடுக்குனான்னு அதுல இருக்காது

செல்வம்: போட்டான்னு பிளெக்ஸ்ல எழுதுனா எவன் என்னத்தப் போட்டான்னு கேப்பாவ

கண்ணன்: 😂😂

துரை அண்ணன்: செல்வம், என் படமே வேண்டாம். 400ல நான் உக்காந்து எழுதுனது ஏழோ எட்டோ

செல்வம்: அப்பம் 8னு போடவாண்ணே

அருணாசலம் மாமா: 8ன்னா கேவலமா இருக்கும்லே. 400 கெடக்கட்டும்

பேச்சி அத்தை: துரை, டிக்கெட் போட்டாச்சா

துரை அண்ணன்: கோரமண்டல்ல வெயிட்டிங் லிஸ்ட் அத்த

பேச்சி அத்தை: ஆட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு பாத்துக்க

செல்வம்: கடைக்காரரு திரும்பக் கூப்பிடுதாரு. 400ஆ 8ஆ கருவியா

அருணாசலம் மாமா: மொதல்ல தலைக்கட்டு வரி யாரு யாரு கட்டலன்னு லிஸ்டு போடு

விஜயா மைனி: எங்க வரி போன மாசமே ஜிபே பண்ணியாச்சு

பேச்சி அத்தை: அல்வாவுக்கு ஒருத்தரும் பதில் சொல்லல